பீரோக் கதவு காட்டிய மாமியார்

வீட்டில் ஒருவன் பௌதிகத்தில் முதல் வகுப்பில் தேறிவிட்டால், அவனுக்கு வேலை கிடைத்து வெளியே தொலைகிற வரையில் மற்றவர்களுக்கு நிம்மதி கிடையாது. அறுபதுகளின் நடுவில், மாதுங்காவில், எங்கள் வீட்டில் அந்த ஒருவன் நான். மின்விசிறி ஏன் முனகுகிறது, லோக்கல் ரயில் வளைவில் ஏன் சாய்கிறது என்பதையெல்லாம் யாரும் கேட்காமலே விளக்குவேன். அம்மா காதில் விழாததுபோல் புளி கரைப்பாள். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொள்வார். அக்கா பத்மா மட்டும் வெளிப்படையாக, "உனக்கு சீக்கிரம் வேலை கெடைக்கணும்னு தெனம் வேண்டிண்டிருக்கேன்டா ரகு. உனக்காக இல்லை" என்பாள்.

அப்படிப்பட்ட அக்காவே ஒருநாள் என்னிடம் உதவி கேட்டாள் என்றால், எவ்வளவு நொந்துபோயிருந்தாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம், பெண் பார்க்க வருவது. அதற்கு முன்பே இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். (பார்த்தது அவர்கள் மட்டும்தான்.) அக்கா தலையைக் குனிந்தபடி வந்து, நமஸ்காரம் செய்து, குனிந்த தலை நிமிராமல் சமையலறைக்குத் திரும்பிவிட வேண்டும். நிமிர்ந்தால் அடங்காப்பிடாரி என்று பெயர். அவர்கள் போனதும் அப்பா பெரிய மனது பண்ணி, பையனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்பார். ஒரு பையனிடம் அவள் பார்த்தது சாக்ஸ். இன்னொருவனிடம் கூடுதலாகக் கட்டைவிரலும் தெரிந்ததாம், சாக்ஸில் ஓட்டை இருந்த புண்ணியத்தில்.

"இந்தத் தடவை மூஞ்சியைப் பாக்காம நான் பதில் சொல்றதா இல்லை. நீதான் பெரிய சயின்டிஸ்ட் ஆச்சே, ஏதாவது வழி பண்ணு" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் படிப்பை மதித்து வந்த முதல் ஆள் அல்லவா?

எங்கள் ஃபிளாட்டில் சமையலறை ஹாலிலிருந்து மூலை திரும்பி உள்ளே இருந்தது. உள்ளிருந்து எட்டிப் பார்த்தால் சுவர்தான் தெரியும். ஆனால் அந்த மூலைக்கு எதிரே, கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்த மர பீரோ ஒன்று நின்றது. கதவைச் சரியான அளவு திறந்து வைத்தால் போதும். வழவழப்பான பரப்பில் ஒளி எந்தச் சாய்வில் வந்து விழுகிறதோ, அதே சாய்வில் மறுபக்கம் திரும்பிப் போகும். கேரம் போர்டில் ஓரக் கட்டையில் பட்ட ஸ்ட்ரைக்கர் திரும்புகிறதே, அது போலத்தான். நான் கோணமானியும் சாக்பீஸுமாகத் தரையில் படுத்துக் கோடு போட்டேன். ஹாலில் கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்று, ஃபேனுக்கு நேர் கீழே. மாப்பிள்ளைக்கு அதைத்தான் கொடுப்பார்கள். அங்கிருந்து பீரோவுக்கு ஒரு கோடு, பீரோவிலிருந்து சமையல் மேடைக்கு ஒரு கோடு. அம்மா வந்து பார்த்து, நல்ல நாளும் அதுவுமாக இப்படியா கோணல்மாணலாகக் கோலம் போடுவது என்று அதைத் துடைத்துவிட்டாள். அதனாலென்ன, கதவின் அடியில் தீப்பெட்டியை மடக்கிச் செருகிக் கோணத்தை நிலைநிறுத்தியிருந்தேன்.

ஒத்திகைக்கு நானே நாற்காலியில் உட்கார்ந்தேன். மேடைப் பக்கம் நின்ற அக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நானும் பதிலுக்குத் தலையாட்டினேன். அப்போதாவது மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா? ஒளி போன வழியாகவே திரும்பியும் வரும் என்று பரீட்சையில் அரைப் பக்கம் எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். (மார்க் வாங்கியதோடு அந்த விதிக்கும் எனக்கும் இருந்த உறவு தீர்ந்துவிட்டது.)

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் செம்பூரிலிருந்து டாக்ஸியில் வந்தார்கள்: பையன், அப்பா, அம்மா. அன்றைக்கென்று எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் தகராறு. சொஜ்ஜி முடிகிற வரை தாங்கிய ஸ்டவ், பஜ்ஜிக்கு எண்ணெய் வைத்ததும் உயிரை விட்டது. நான் ஓடிப்போய்ப் பக்கத்து ஓட்டலில் பஜ்ஜி பொட்டலம் கட்டிவந்தேன். பொண்ணு தன் கையால் பண்ணியது என்று சொல்லிக்கொள்வதுதானே வழக்கம், யார் வந்து எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கப் போகிறார்கள் என்று அம்மா சமாதானம் சொல்லிக்கொண்டாள். வெள்ளித் தட்டுகள் எதிர் ஃபிளாட் மாமியிடம் இரவல்.

பையன் நான் குறித்த நாற்காலியில்தான் உட்கார்ந்தான். எதிரே கண்ணாடியைக் கண்டதும் கை தானாகத் தலைமுடிக்குப் போயிற்று. ஆனால் அந்த இடத்திலிருந்து பார்த்தால் அவன் முகம் தெரியாது, எங்கள் ஊறுகாய் ஜாடிகள்தான் தெரியும். இப்படிச் சாய்ந்து பார்த்தான், அப்படிச் சாய்ந்து பார்த்தான். பிறகு எழுந்து, "அம்மா, நீ ஃபேனுக்குக் கீழே உக்காந்துக்கோ" என்றான். என்ன மாத்ரு பக்தி என்று அப்பா உருகிப்போனார். அவனோ கண்ணாடிக்கு நேர் எதிரே இருந்த பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்து, அங்கே தன்னைக் கண்டுபிடித்து, நெற்றியில் விழுந்த சுருளைச் சரிசெய்துகொண்டான்.

கதவைக் கொஞ்சம் நகர்த்தலாமென்று நான் எழுந்தேன். "உக்காருடா" என்று அப்பா பல்லைக் கடித்தார். உட்கார்ந்தேன்.

அம்மா சொஜ்ஜித் தட்டுகளைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பையனின் தாயார் சொஜ்ஜியை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு, தட்டைக் கையில் லேசாகத் தூக்கி எடை பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, சாய்த்து அடியில் வெட்டியிருந்த பேரையும் படித்தார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடியில் பால்கனியில் காய்ந்த வேட்டிதான் தெரிந்தது, அதனால் உள்ளே நடந்ததை அக்கா சொல்லித்தான் அறிவேன். மாப்பிள்ளை முகத்தைத் தேடிய அவளுக்கு, தட்டை எடைபோடும் மாமியார் கிடைத்தாராம். அவள் கையில் பிரித்துக்கொண்டிருந்த ஓட்டல் பொட்டலம், பல்லிடுக்கில் அதன் நூல், வாயில் பாதி பஜ்ஜி. பேரைப் படித்துவிட்டு அந்த அம்மாள் நிமிர்ந்தார். கண்ணாடியில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அக்கா பஜ்ஜியோடு வந்தாள். வந்த மாமி ஒன்றைக் கடித்து, பிரமாதம், யார் பண்ணினது என்று கேட்டார். எல்லாம் பத்மா கைவேலை என்றார் அப்பா.

"அப்படியா? நூலைப் பிரிச்சது மட்டும்தான் அவளோன்னு நெனச்சேன்" என்றார் மாமி.

அக்கா நிமிர்ந்தாள். "ஆமாம் மாமி. தட்டும் எதிராத்து மாமியோடது. நீங்கதான் பேரைப் படிச்சேளே."

பையனின் அப்பா பாவம், ஒன்றும் புரியாமல், ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் வெளியே, எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டார். இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நான் மனுஷன். ஆனால் கேட்டது பௌதிகக் கேள்வி ஆயிற்றே! எழுந்து பீரோப் பக்கம் போனேன். ஒளி விழும் கோணம், திரும்பும் கோணம், தீப்பெட்டி, எல்லாவற்றையும் கையால் காற்றில் வரைந்து காட்டினேன். "நாம ஒருத்தரைக் கண்ணாடில பார்த்தா அவாளும் நம்மைப் பார்க்கலாம், அதுதான் மாமா விதி. கணக்கு தப்பே இல்லை. இவர் எடம் மாறாம இருந்திருந்தா அக்கா இவரைத்தான் பார்த்திருப்பா" என்று முடித்தேன். முன்கூட்டியே நாற்காலிக்குக் கோடு போட்டுவைத்ததையும் விடவில்லை.

பையன் எழுந்தான். ஏதாவது நல்லதாகச் சொல்வான் என்று ஒரு கணம் நம்பினேன். பீரோ அருகே போய்த் தலையை வாரிக்கொண்டு, "போலாமா அம்மா?" என்றான். காபி ஆறிப்போயிற்று.

மறுநாள் காலை காய்கறி மார்க்கெட்டில் அம்மாவிடம் பூசணிக்காய்க்காரர் நீங்கலாக எல்லோரும் விசாரித்தார்கள். அப்பா வெகுநாள் என்னோடு பேசவில்லை. இனி இந்தப் பெண்ணை யார் கட்டுவார்கள் என்று அவர் ராத்திரி விழித்துக் கிடந்தது எனக்குத் தெரியும். அது மட்டும் சிரிப்பாக இல்லை. அக்காதான், "போடா, தன்னைப் பாக்க எடம் மாறினவனை எனக்குக் காட்டிக் குடுத்தியே, அது போறும்" என்றாள்.

அடுத்த இடத்திலிருந்து வந்தபோது அப்பா பீரோவைச் சாத்தி, கொடிக் கயிற்றால் இறுகக் கட்டிவைத்தார். வந்த பையன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பீரோவை ஏன் கட்டிப்போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டான். சமையலறையிலிருந்து அக்காவின் சிரிப்பு ஹால் வரை கேட்டது. அவர்தான் என் அத்திம்பேர். இன்றும் எங்கள் குடும்பத்தில் எங்கே சம்பந்தம் பேசினாலும், "ரகு வரானா? அப்போ பீரோவைக் கட்டிடு" என்பதுதான் முதல் பேச்சு.

பல வருஷம் கழித்து அக்கா தன் பிள்ளைக்குப் பெண் பார்க்க முலுண்டுக்குப் போனாள். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு என்னையும் அழைத்துப் போனாள். அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி வந்தாள். அக்கா எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கி மகனுக்கு நேர் எதிரே போட்டாள்.

"இங்க உக்காரும்மா. நிமிந்து நன்னாப் பாத்துக்கோ. எங்காத்துல இதுக்கு ஒரு பீரோவே வேண்டியிருந்தது."

அந்தப் பெண் உட்கார்ந்து, நிமிர்ந்து, நேராகப் பார்த்தாள். பார்த்த பார்வையில் என் மருமான் தலையைக் குனிந்துகொண்டான். பௌதிகப்படி இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. அக்கா என் கையில் பஜ்ஜித் தட்டைத் திணித்துவிட்டாள்.