கூலர் மாமாவும் எங்கள் வீட்டுத் தட்டும்

வெயிலைத் தன் சொந்தப் பங்காளியாக நினைத்து ஜன்மப் பகை பாராட்டியவர் மட்டாஞ்சேரி முழுவதிலும் ஒருவர்தான். கொச்சியை அடுத்த ஏலூரில் உரத் தொழிற்சாலையில் சுடுதண்ணீரை ஆறவைக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஃபாக்டரியையே குளிர வெச்சவன் நான். உங்காத்துச் சூடு எம்மாத்திரம்?" என்று தெருவில் எல்லோரையும் கேட்பார். அதனால் அவர் கூலர் மாமா. சொந்தப் பெயர் மாமிக்குத் தெரிந்திருக்கலாம்.

போன ஏப்ரலில் அவர் கையில் சிக்கியது எங்கள் வீடு. தாத்தா காலத்து ஓட்டு வீடு. கூரைக்குக் கீழே, எலி விழாமலிருக்க அப்பா அடித்த பிளைவுட் மச்சு வேறு. உள்ளே உட்கார்ந்தால் இட்லி மாதிரி வெந்துபோவோம். என் மனைவி சுபாவுக்கு அப்போது ஏழாம் மாதம். ஏசி போடலாமென்றால், எலெக்ட்ரீஷியன் எங்கள் வீட்டு ஒயரிங்கைப் பார்த்துவிட்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்பறம் இவளை எங்க வைட்டிலா ஃபிளாட்டுக்கு அழைச்சுண்டு போயிடுவேன்" என்றார், சுபாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மாமியார். போனால் குழந்தையோடுதான் திரும்பி வருவாள். சுபாவுக்கும் போக மனசில்லை. எனக்கும் அனுப்ப மனசில்லை.

மாமா களத்தில் இறங்கினார். ஜன்னல்தோறும் ஈரச் சாக்கு தொங்கவிட்டார். கொச்சிக் காற்றில் இருக்கிற ஈரம் போதாதா? வீடு குளிரவில்லை. என் ஆபீஸ் பெல்ட்டில் பூஞ்சை பிடித்தது. அடுத்து ஹோஸ் பிடித்து ஓட்டின் மேல் தண்ணீர் அடித்தார். ஓட்டு இடுக்கிலும் மச்சு இடுக்கிலும் புகுந்து அது மாமியார் தலையில் இறங்கியது.

"இப்போ குளிர்ச்சியா இருக்கோல்லியோ?" என்று வெளியிலிருந்து கேட்டார் மாமா.

மாமியார் சுபாவின் பெட்டியை அடுக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைசி முயற்சி. மச்சில் ஓட்டை போட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பதென்று ஒரு மலையாளி ஆசாரியை அழைத்து வந்தார். ஆசாரி ஏணியில். மாமா கீழே நாற்காலியில், சாயாவும் பழம்பொரியுமாக. வயிறு நிறைந்ததும், இரண்டு மிச்சம் இருக்கும்போதே என்னைப் பார்த்து, "தட்டை எடுத்துடுடா" என்றார்.

மலையாளத்தில் தட்டு என்றால் மச்சு. ஆசாரி மேலேயிருந்து சந்தேகமாகக் கேட்டார்: "முழுவனும் எடுக்கணோ?"

மிச்சப் பழம்பொரியைத்தான் கேட்கிறார் என்று மாமா நினைத்துக்கொண்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முழுக்க எடுத்துக்கோ சேட்டா, நேக்குப் போறும்."

நான் பழம்பொரித் தட்டை அடுக்களையில் மூடி வைத்துவிட்டு வருவதற்குள் பாதி மச்சு தரையில் கிடந்தது. அப்பா காலத்துத் தூசி அத்தனையும் கூடத்தில். மாமியார் இருமிக்கொண்டே ஓடி வந்தார். திட்டப் போகிறார் என்று நான் மாமாவின் பின்னால் ஒளிந்தேன். ஆனால் மாமியார் அப்படியே நின்று மேலே பார்த்தார். கூரையின் இரண்டு முனையிலும் மரச் சட்டம் வைத்த காற்றுவழிகள். இத்தனை வருஷமாக மச்சு அவற்றை மறைத்திருந்தது. சூடெல்லாம் மேலே ஏறி வெளியேற, காயல் காற்று விறுவிறுவென்று உள்ளே வந்தது.

"நன்னாத்தான் இருக்கு" என்று மாமியார் உட்கார்ந்துவிட்டார். சுபா ஓசைப்படாமல் பெட்டியைத் திறந்து தன் புடவைகளை அலமாரியில் வைத்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இதான் நம்ம பிளான்" என்றார் மாமா. ஆசாரி மீதி மச்சையும் பெயர்க்கத் தொடங்கினார்.

இப்போது மாமா கலூரில் மகள் ஃபிளாட்டில், ஏசி அறையில் இருக்கிறார். எங்கள் மகள் கூடத்தில் வியர்க்காமல் தூங்குகிறாள். வாரம் ஒருமுறையாவது மாமாவிடமிருந்து போன் வரும்.

"காத்து வரதோடா?"

"வரது மாமா. நீங்கதான் வரக் காணோம்."