வலி நின்றதும் வைத்தியராகிறவர்

வைத்தியர்களில் படித்து வந்தவர் உண்டு, பரம்பரையாய் வந்தவர் உண்டு. அவர்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நான் சொல்ல வந்தது, வலி நின்ற அந்த நிமிஷமே வைத்தியராகிவிடும் இனத்தைப் பற்றி. சற்று முன்வரை "அய்யோ, அம்மா" என்று சுருண்டு கிடந்தவர், வலி விட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, டாக்டருக்கே யோசனை சொல்வார். பத்தியமா? யாருக்கு? மறுபடி வரச் சொன்னால் சிரிப்பார்.

பெருமாட்டி ஊர்க் குப்பண்ணன் இந்த இனத்தில் முதல் தரம். இடது கண் சிறுவயதில் அம்மை வார்த்ததிலேயே மங்கிவிட்டது. நம்பியிருந்தது வலது கண் ஒன்றைத்தான். நெல் தூற்றும்போது அதில் போய் முள் போன்ற ஒரு நெல் சுணை விழுந்தது. மனைவி பழனாத்தாள் முந்தானையைச் சுருட்டி ஊதி ஒற்றினாள். பக்கத்துக் களத்துக் கருப்பாத்தாள் நாக்கால் துழாவி எடுக்கப் பார்த்தாள். விளக்கெண்ணெய் விட்டார்கள், தாய்ப்பால் விட்டார்கள். சுணை அசையவில்லை. குப்பண்ணன்தான் களம் முழுக்க உருண்டார்.

வண்டி கட்டிக் கொழிஞ்சாம்பாறை டாக்டர் அமிர்தநாதனிடம் கொண்டுபோனார்கள். அவர் கொக்கேன் என்று புதிதாக வந்திருந்த சீமைச் சொட்டு மருந்தை இரண்டு துளி விட்டார். கண் மரத்தது. டாக்டர் சுணையை எடுக்கும்போது குப்பண்ணன் கொட்டாவி விட்டார். எடுத்து முடித்ததும் கண்ணுக்குத் துணிக்கட்டுப் போட்டார்.

"மரத்த கண்ணுக்குத் தூசி விழுந்தாலும் தெரியாதுங்க. இமைக்கக்கூட மறந்து போயிரும். கட்டை அவுக்காதீங்க, கசக்காதீங்க. மூணு நாள் கழிச்சு வரோணும்" என்றார் டாக்டர்.

"ஆகட்டுங்க" என்றார் குப்பண்ணன். டாக்டர் கை கழுவத் திரும்பியதும், கைக்குத் தட்டுப்பட்ட சொட்டு மருந்துப் புட்டி இவர் மடிக்குள் போய்விட்டது. திருட்டு என்று சொல்லிவிடாதீர்கள். வாசலில் இரண்டு குலை இளநீர் வைத்துவிட்டல்லவா வந்தார்?

வண்டி வீட்டுக்குத் திரும்புகையில் முதல் வளைவிலேயே கண்கட்டை அவிழ்த்தார். அவருடைய வைத்திய சாஸ்திரம் எளிமையானது. "வலிச்சாத்தான கண்ணு கெடும்? வலிக்கறதுக்கு முன்னாலயே ஊத்திப்போட்டா?"

மறுநாளிலிருந்து களத்தில் இறங்குமுன் சொட்டு. வெயில் ஏறியதும் சொட்டு. காற்றுக்கு முதுகு காட்டி நின்று தூற்றுவது ஊர் வழக்கம். குப்பண்ணனோ மருந்தின் தைரியத்தில் காற்றைப் பார்த்து நின்று தூற்றினார். கண்மணி அகன்று வெயில் கூசியபோது, பார்வை கூடுகிறது என்று எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் பழனாத்தாள் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தவள் கத்தினாள்.

"ஏனுங்க, உங்க கண்ணு மேல பதரு ஒண்ணு உக்காந்திருக்குதுங்க!"

"இருந்துட்டுப் போகுது புள்ளே. என்னைய ஒண்ணும் தொந்தரவு பண்ணலையே."

"தொடைச்சுட்டு டாக்டருகிட்டப் போலாமுங்க."

"எதுக்கு? வலிக்கலீன்னு சொல்றதுக்கா?"

ஐந்தாம் நாள் புட்டி காலியானது. அதுவரை வாயடைத்துக் கிடந்த வலி அன்று மொத்தமாகப் பேசியது. மறுபடி வண்டி, மறுபடி கொழிஞ்சாம்பாறை. டாக்டர் இமையை விரித்துப் பார்த்ததுமே, காணாமல் போன புட்டி போன இடம் புரிந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கருவிழி மேல்தோல் உரிஞ்சு புண்ணாயிருச்சுங்க. பாதி பதரு பண்ணுனது, பாதி மருந்தே பண்ணுனது. வலின்னு ஒண்ணு இருந்திருந்தா அதே உங்களை மொத நாளே இங்க இழுத்துட்டு வந்திருக்கும்."

குப்பண்ணன் முனகலை நிறுத்திக் கேட்டார்: "அந்தச் சொட்டு இன்னொரு புட்டி இருக்குதுங்களா?"

புண் ஆறுவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. ஆறின இடத்தில் பூ விழுந்தது. இன்று பழனாத்தாள் அவருக்குப் புகையாகத் தெரிகிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் களத்துக்கு வருகிறார். போன வாரம் எதிரே வந்தபோது என் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டு, பெருமையாகச் சொன்னார்: "ஆனா ஒண்ணுங்க, துளி வலி இல்லீங்க!" பழனாத்தாள் வேறு பக்கம் பார்த்தாள். ஊரையே கேலி செய்கிற எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் இந்த இனம் இல்லை, தெரியும். பல்வலி விட்டதும் பல் பிடுங்கும் நாளைத் தள்ளிப்போட்டது வேறு விஷயம். காய்ச்சல் மருந்து பாதியோடு அலமாரியில் நிற்பதும் வேறு விஷயம். ஆனால் இதைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு தடவை கண்ணைக் கசக்கினீர்களே, வலிக்கிறதா? இல்லை என்றால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.