கரட்டூருக்கு ஆறரை மணிக்கு பஸ் உண்டு

தொண்ணூற்றொன்றாம் வருஷ வாக்கில், ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில் பங்கஜவல்லி நடத்திவந்த படிப்பகத்தில் ஒரு கலைக்களஞ்சியம் வளர்ந்துகொண்டிருந்தது. அதை எழுதியவர்கள் சுற்றுவட்டாரத்து ஜனங்கள். யாருக்கு எது தெரியுமோ அதை ஒரு தாளில் பென்சிலால் எழுதிக் கம்பியில் கோத்துவிட்டுப் போகலாம். அடுத்து வருகிறவருக்கு அது தப்பென்று பட்டால் ரப்பரால் அழித்துவிட்டுச் சரியானதை எழுதலாம். பென்சிலையும் ரப்பரையும் இராஜபாளையத்துப் பாண்டேஜ் துணியைக் கிழித்து மேஜைக்காலோடு கட்டிப் போட்டிருந்தாள் பங்கஜவல்லி. அறிவை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகட்டும், பென்சிலை எடுத்துப் போனால் எப்படி?

அவளுக்கு இந்தக் களஞ்சியம் என்றால் உசிரு. பெண் பார்க்க வந்தவர்களைக்கூட, "வந்ததுதான் வந்தீங்க, தெரிஞ்சதை ஒரு பக்கம் எழுதிட்டுப் போங்க" என்று உட்கார வைத்துவிட்டாள். அவர்கள் எழுதிவிட்டுத்தான் போனார்கள், திரும்பி வரவில்லை.

சண்டைக்கும் குறைவில்லை. பால்கோவா பக்கம் அழித்து அழித்து ஓட்டையாகியிருந்தது. இராஜபாளையம் நாயின் மூக்கு காலையில் ஒரு நிறமாகவும் சாயங்காலம் வேறு நிறமாகவும் இருந்தது. ஆனாலும் சண்டை போட்டு ஓய்ந்த பக்கங்களில் இருந்தது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. இப்படி ஒரு காரியம் யாருடைய உத்தரவும் இல்லாமல் நடப்பதை அரசாங்கம் எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்ளும்?

ஒருநாள் அங்கீகாரம் வந்தது. யாரும் கேட்கவில்லை, மழைக்காலத்துக் காய்ச்சல் மாதிரி அதுவாக வந்தது. கூடவே 'களஞ்சிய ஒழுங்குபடுத்து அலுவலர்' என்ற பதவியில், சஃபாரி சூட்டும் பையில் நாலு பேனாவுமாக வேங்கடேசன் வந்து சேர்ந்தார்.

"பென்சில்ல எழுதினது ஆவணம் ஆகாதும்மா. அழியக்கூடிய எதையும் அரசு நம்பாது."

"தப்பை அழிக்கத்தானே சார் பென்சிலு?"

"அரசு அங்கீகரிச்ச பொறவு தப்பு எங்கம்மா இருக்கும்?"



ஒரே வாரத்தில் எல்லாப் பக்கங்களையும் மையால் எழுதி முத்திரை குத்திவிட்டார்கள். அன்றைக்கு எந்தப் பக்கத்தில் எது இருந்ததோ அதுவே மேற்படி விஷயத்தின் நிரந்தர உண்மை என்று உத்தரவாயிற்று. நாயின் மூக்கு சாயங்கால நிறத்தில் நின்றுபோனது. திருத்த விரும்புகிறவர்கள் விண்ணப்பித்து, அலுவலரின் நேரடி ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டியது.

அப்போதுதான் சுடலைமாடத்தி வந்தாள். கூமாப்பட்டி தாண்டி மலையடிவாரத்தில் கரட்டூர் என்று ஒரு சிற்றூர், அங்கே வாழ்க்கைப்பட்டவள். இராஜபாளையத்தில் ஒரு பாண்டேஜ் கம்பெனியில் வேலை. சாயங்கால பஸ் கூமாப்பட்டியோடு திரும்பிவிடும். அதற்கப்புறம் காட்டுப்பன்னிகளோடு பாதையைப் பங்குபோட்டுக்கொண்டு இருட்டில் அவள் நடக்க வேண்டும். "ஏட்டி, தை பொறக்கதுக்குள்ள பஸ்ஸு வந்தா வேலை. வரலேன்னா வீட்டுல கெட" என்று மாமியார் பிச்சையம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சுடலைமாடத்திக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அங்கே அவள் சொன்னால் மெஷின் நிற்கும், வீட்டில் அவள் சொல்லி எதுவும் நின்றதில்லை.

பஸ் கேட்டு மனுப் போட்டாள். பதில் வந்தது: 'கரட்டூருக்கு மாலை ஆறரை மணிக்கு டவுன் பஸ் உண்டு என அங்கீகரிக்கப்பட்ட களஞ்சியத்தில் காணப்படுவதால், தங்கள் கோரிக்கை ஏற்கெனவே நிறைவேறியுள்ளது.'

"இந்தப் பொய்யை எழுதுனது யாருன்னு தெரியுமாக்கா? எங்க வீட்டுக்காரருதான்" என்றாள் பங்கஜவல்லியிடம். "பஸ்ஸு இல்லாத ஊருன்னு அவருக்கு எவனும் பொண்ணு குடுக்கல. இங்கன வந்து எழுதி வச்சிட்டு, எங்கய்யாவைக் கூட்டியாந்து காட்டியிருக்காரு. படிச்சுப் பாத்துட்டுத்தான் எங்கய்யா என்னைக் குடுத்தாரு."

"கல்யாணம் முடிஞ்சதும் வந்து அழிச்சிருக்கலாம்லா?"

"சொன்னேன்க்கா. தன் தம்பிக்கும் கல்யாணம் முடியட்டும்னுட்டாரு."

இருவரும் அலுவலரிடம் போனார்கள்.

"நேரடி ஆய்வு செய்யாம வரியைத் தொட முடியாதும்மா" என்றார் வேங்கடேசன்.

"வாங்க சார், கூமாப்பட்டில இருந்து செத்த நேரம் நடந்தா எங்க ஊரு" என்றாள் சுடலைமாடத்தி.

"பஸ் உள்ள ஊருக்கு நடந்து போனா பயணப்படி தர மாட்டாங்க. ஆறரை பஸ்ல வாரேன்."

சொன்னபடியே போய்க் கூமாப்பட்டியில் காத்திருந்தார். இல்லாத பஸ் வரவில்லை. திரும்பி வந்து அறிக்கை எழுதினார்: 'பேருந்து கிடைக்காமையால் ஆய்வு நடைபெறவில்லை. ஆய்வு நடைபெறாமையால், பேருந்து இல்லை என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.'

பங்கஜவல்லிக்கு வந்ததே கோபம். வீடு வீடாக, கடை கடையாக ஏறி இறங்கினாள். போன இடமெல்லாம் வேங்கடேசனை ஏசாத ஆளில்லை. கூச்சல் தாங்காமல் அவர் ஒரு பொதுக்கூட்டத்துக்குச் சம்மதித்தார். எல்லாரும் ஏகமனதாகக் கேட்டால் பழையபடி பென்சில்.

தை பிறக்க ரெண்டு நாள் இருக்கையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், படிப்பகம் நிரம்பி வழிந்தது. "அறிவு எவன் வீட்டுச் சொத்தும் இல்ல. யார் வேணாலும் எழுதணும், யார் வேணாலும் திருத்தணும்" என்று பங்கஜவல்லி பேசியபோது கைதட்டல் தேரடிவரை கேட்டது. சுடலைமாடத்தி ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் வேங்கடேசன். "பக்கம் பக்கமாக் கேட்டுருவோம். பால்கோவா?"

மிட்டாய்க்கடை நம்பி எழுந்தார். "எல்லாத்துக்கும் பென்சில்தான் வேணும் சார். ஆனா பால்கோவா பக்கம் இப்பம் சரியா இருக்கு. அதை மட்டும் மையிலயே விட்டுருங்க."

"நாய்?"

இராஜபாளையத்தில் நாய் வளர்க்கிற கண்ணபிரான் எழுந்தார். "பென்சில்தான். ஆனா மூக்கு இப்பந்தான் ஒழுங்கான நிறத்துக்கு வந்திருக்கு. அதைக் கிளற வேண்டாம்."

இப்படியே ஒவ்வொருவராக எழுந்து, பென்சிலை ஆதரித்துவிட்டுத் தத்தம் பக்கத்துக்கு மை கேட்டு உட்கார்ந்தார்கள். கரட்டூர் முறை வந்தது. சுடலைமாடத்தியின் புருஷன் மாரிசாமி எழுந்து, அவள் இருந்த பக்கம் திரும்பாமல், "தம்பிக்கு இன்னும் பொண்ணு அமையல சார்" என்றான்.

"அக்கா, நீங்க சொல்லுங்கக்கா" என்றாள் சுடலைமாடத்தி.

பங்கஜவல்லி எழுந்தாள். வேங்கடேசன் முதல் தாளை எடுத்து அவள்முன் வைத்தார். "'தொகுப்பாசிரியர்: பங்கஜவல்லி.' நாங்க மை போட்டப்ப மரியாதைக்குச் சேர்த்தது. இதையும் பென்சிலாக்கிரலாமாம்மா? நாளைக்கு எவனாச்சும் அழிச்சிட்டு அவன் பேரை எழுதிக்கிடுவான்."

அவள் அந்தப் பேரைப் பார்த்தாள். முத்திரையோடு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எத்தனை வருஷப் பாடு.

"மத்தது எல்லாம் பென்சில் சார்" என்றாள். "அந்த ஒரு வரி மட்டும் இருந்துட்டுப் போகட்டும்."

வேங்கடேசன் தீர்மானம் எழுதினார்: 'பென்சில் முறை ஏகமனதாக ஏற்கப்பட்டது. எல்லாப் பக்கங்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது.' கைதட்டினார்கள்.

சுடலைமாடத்தி ரப்பரை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"புதுசா ஒரு பக்கம் எழுதிக்கோங்கக்கா" என்றாள். "இராஜபாளையம் பாண்டேஜ் கம்பெனியில ஒரு பொம்பளையாளு வேலை காலி. மையிலயே எழுதுங்க. இதை யாரும் அழிக்க வரமாட்டாக."