பக்கத்து வீட்டு உறியிலிருந்து அரை டம்ளர் தயிர்

அன்னைக்கு எனக்கு இருந்த ஒரே வேலை, கொஞ்சம் தயிர் வாங்கிட்டு வர்றது.

கொச்சி மட்டாஞ்சேரியில ஒரு மிளகுக் கிடங்குல எடை போடுறவன் நான். டைபாய்டு வந்து படுத்தேன். டாக்டர் கொடுத்த மாத்திரையில காய்ச்சல் போச்சு. போறப்ப வயித்தையும் கெடுத்துட்டுப் போச்சு! தராசுல ஒரு மூட்டையை ஏத்துவேன், இறக்குறதுக்குள்ள கக்கூசுக்கு ஓடுவேன்.

முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாரு.

"காசிமே, சனிக்கிழமை கப்பல்ல சரக்கு ஏறணும். அதுக்குள்ள வயித்தைச் சரி பண்ணிட்டு வா. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

வீட்டுல பொண்டாட்டி புள்ளைங்க வயிறெல்லாம் என் ஒரு வயித்தை நம்பித்தான் இருக்கு. அப்பவே டாக்டர்கிட்ட ஓடினேன்.

டாக்டர் மலையாளி. நம்ம தமிழும் பேசுவாரு.

"எடோ காசிம், மனுஷன் குடல்ல நல்ல கிருமியும் உண்டு. சாப்பாடு செரிக்கிறதுக்கும், குடலோட உள்தோலைக் காக்கிறதுக்கும் அது வேணும். என் மருந்து கெட்டதைக் கொன்னப்போ, நல்லதும் சேர்ந்து செத்துப்போச்சு. தயிர்ல உயிருள்ள நல்ல கிருமி உண்டு. தினமும் சாப்பிடு. வீட்டுத் தயிர், கேட்டோ!"

"கிருமியைச் சாப்பிடவா டாக்டர்?"

"இத்தனை காலம் தயிர்னு வேற என்னத்தைச் சாப்பிட்டே?"

எங்க வீட்டுலதான் தயிரே கிடையாதே! டைபாய்டுன்னு கேட்ட அன்னைக்கே என் வீட்டுக்காரி ஜைனம்பு உறை மோரைக் கொட்டிட்டா. தண்ணியக் காய்ச்சச் சொன்னாரு டாக்டர். அவ கரண்டி, டம்ளர், என் தலையணை உறை வரைக்கும் காய்ச்சினா. கொஞ்சம் அசந்திருந்தா என்னையும் அடுப்புல ஏத்தியிருப்பா.

பக்கத்து வீட்டு மீனாட்சி அக்கா பாலக்காட்டுத் தமிழ்க்காரங்க. அவங்க வீட்டுத் தயிர் கத்தியால வெட்டுற மாதிரி இருக்கும். வீட்டுக்குக்கூடப் போகாம நேரா அங்க போய் நின்னேன்.

"விளக்கு வெச்சாச்சே தம்பி! இனி தயிரை வெளியே குடுத்தா வீட்டுல லட்சுமி தங்கமாட்டா. காலையில வாங்க."

"காலை வரைக்கும் நானே தங்கமாட்டேன் அக்கா!"

என் மூஞ்சியைப் பார்த்து அவங்களுக்கு மனசு இளகிடுச்சு. கொஞ்சம் யோசிச்சாங்க.

"நான் குடுக்கத்தானே கூடாது? பின்கட்டு உறியில சட்டி இருக்கு. நான் இந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன். நீங்களா எடுத்துக்கிட்டா அது குடுத்ததா ஆகாது."

ஆஹா, என்ன சட்டம்! எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு.

இருட்டுல எக்கி, டம்ளரைச் சட்டிக்குள்ள விட்டேன். சரியா அப்பதான் பின்வாசல் வழியா அக்கா வீட்டுக்காரர் ஆறுமுகம் அண்ணன் சந்தையிலேர்ந்து வந்து நுழைஞ்சாரு.

"ஆருடா அது? கள்ளன்! கள்ளன்!"

"அண்ணே, நான்தான் காசிம்! அக்காதான்..."

நான் முடிக்கலை. உள்ளேர்ந்து அக்கா அலறினாங்க, "நான் குடுக்கல! சத்தியமா நான் குடுக்கவே இல்ல!"

என்னத்தைச் சொல்ல! லட்சுமியைக் காப்பாத்தி என்னை மாட்டி விட்டுட்டாங்க.

தெருவே கூடிடுச்சு. நின்னு நிதானமா விளக்கம் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். வயிறு கடமுடன்னுச்சு. இனி ஒரு நொடி தாங்காது!

ஓடினேன். கையில டம்ளர்.

"பிடிங்க! ஓடறான் பாருங்க!"

ஊரே பின்னால வருது. எங்க வீட்டு வாசல்ல நின்ன ஜைனம்பு கையில டம்ளரைத் திணிச்சேன். கக்கூசுக்குள்ள பாய்ஞ்சு தாழ்ப்பாள் போட்டேன்.

உள்ளேர்ந்தே கத்தினேன், "ஜைனம்பு! டாக்டர் சொன்ன தயிர்! பார்த்துக்க, அதுல கிருமியெல்லாம் உயிரோட இருக்கு!"

"கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன்!"

வெளியே ஆறுமுகம் அண்ணன் குரல். "வெளியே வாடா!" வரலாம்தான், வயிறு விட்டாத்தானே! அப்புறம் அக்கா அவர்கிட்ட என்னமோ குசுகுசுன்னாங்க. ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு அடியே தேவலாம்.

கூட்டம் கலைஞ்சப்புறம் மெதுவா வந்தேன். அடுப்புல என்னமோ தளதளன்னு கொதிக்குது.

"என்னடி அது?"

"தயிர்தாங்க. நல்லா கொதிக்க விட்டுட்டேன். ஒரு கிருமிகூடத் தப்பிச்சிருக்காது!"

அவ முகத்துல அப்படி ஒரு பெருமை! எனக்கு அழுகை வந்துடுச்சு. நிஜமாவே வந்துடுச்சுங்க. திருட்டுப் பட்டம் வாங்கிக் கொண்டுவந்த தயிர் திரிஞ்சு தண்ணியா நிக்குது.

மறுநாள் பொழுது விடிஞ்சதும் மீனாட்சி அக்கா ஒரு சொம்பு நிறையத் தயிரோட வந்தாங்க. தெருவுக்கே கேக்குற மாதிரி, "தம்பி, இது நான் குடுக்கிறது!"ன்னு சொல்லிக் கொடுத்தாங்க. தினமும் கொடுத்தாங்க. காலையும் மதியமும் தயிர்சோறுதான். வயிறு கொஞ்சம் கொஞ்சமா அடங்கிச்சு.

சனிக்கிழமை சொன்னபடி தராசு முன்னால போய் நின்னேன்.

"என்ன காசிமே, வயிறு சுகமாச்சா?"

"சுகம் முதலாளி! இப்ப வயிறு பூரா உயிரோட கிருமி!"

முதலாளி துண்டால மூக்கைப் பொத்திக்கிட்டு வாசல் வரைக்கும் பின்வாங்கினாரு. டாக்டரைக் கையோட கூட்டிட்டு வந்து அவர் விளக்கிச் சொன்னப்புறம்தான் என்னை மூட்டையைத் தொடவே விட்டாங்க.

வேலைக்குத் திரும்புறவன் "சுகம் முதலாளி"யோட நிறுத்திக்கணும்.