தடுப்பாட்டக்காரனைப் பெற்றவன்

வால்மேர்,
மே 26, திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய அக்கா சொலாஞ்ச் அவர்களுக்கு, தம்பி எர்வே வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. மடத்தில் தாங்களும் மற்ற சகோதரிகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் வீட்டுக்காரி ஜோசியான் நலம். நானும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் கன்னியாஸ்திரிக்குப் பொய் எழுதுவது சாதாரணப் பொய்யைவிடப் பெரிய பாவம் என்று ஜோசியான் சொல்வதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

முதலில் மன்னிப்பு. சென்ற வாரம் நான் எழுதிய மூன்று கடிதங்களும் தங்களுக்கு ஒரே நாளில் கிடைத்ததாகச் சொன்னீர்கள். முதல் கடிதத்தில் என் மகன் லுதோவிக்கின் அணி ஜெயிக்கப் பிரார்த்திக்கும்படி கேட்டிருந்தேன். இரண்டாவதில், நம்ம ஊர் அணி தோற்காமலிருக்கப் பிரார்த்திக்கும்படி. மூன்றாவதில், முதல் இரண்டையும் கிழித்துப்போட்டுவிட்டு மழைக்குப் பிரார்த்திக்கும்படி. சகோதரிகள் குழம்பிப்போய் கடைசியில் அறுவடைக்காகப் பிரார்த்தித்ததாக அறிந்தேன். தப்பு என்னுடையதுதான்.

நிலைமை அப்படி, அக்கா. நம் லுதோ ஏழு வருடமாக விளையாடுகிற போர்வில் அணிக்கும் நம் வால்மேர் அணிக்கும் பருவத்தின் கடைசி ஆட்டம், அதுவும் நம்ம ஊர் மைதானத்தில். இரண்டாம் பிரிவில் ஒட்டிக்கொண்டிருக்க ஒரே ஓர் இடம்தான் பாக்கி. சமன் ஆனாலே வால்மேருக்குப் போதும். போர்வில் ஜெயித்தே ஆகவேண்டும். மற்றது மூன்றாம் பிரிவுக்கு இறங்கவேண்டியதுதான். ஒன்று என் மகன் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் நான் ரொட்டி வாங்குகிற ஊர் இறங்க வேண்டும்.

முன்வரிசையில் ஆடுகிறவனின் அப்பா தொண்ணூறு நிமிடமும் சந்தோஷத்துக்குக் காத்திருக்கிறார். தடுப்பாட்டக்காரனைப் பெற்றவன் தொண்ணூறு நிமிடமும் விபத்துக்குக் காத்திருக்கிறான். பதினாறு வருடமாக என் பிழைப்பு அதுதான். பதினேழு வயதில் இதே வால்மேர் கிளப் 'கால் வேகம் போதாது' என்று ஒற்றை வரியில் கடிதம் எழுதி அவனை அனுப்பியது தங்களுக்கு நினைவிருக்கும். பிறகு மலையடிவாரத்தில் ஒரு கிளப், அங்கே பனியில் பந்தைத் தேடியே பாதி ஆட்டம் போனது. இருபத்து மூன்று வயதில் முதல் பிரிவு! ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பதினோராவது ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு அறுந்தது. அப்புறம் பெல்ஜியத்தில் ஒரு வருடம், சட்டை முதுகில் நம் குடும்பப் பெயரைத் தப்பாக அச்சடித்து, கடைசிவரை திருத்தவே இல்லை. கடைசியில் கடலோரத்துப் போர்வில். நான்கு வருடமாகக் கேப்டன். சனிக்கிழமைவரை நானூற்றுப் பதினொரு ஆட்டம். எதிரணி வலையில் அவன் போட்ட கோல் இரண்டு. சேம் சைடு கோல் மூன்று. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, கணக்கு அப்படி.

ஆட்டத்துக்கு முந்தின வாரம் நான் தெருவில் நடக்க முடியவில்லை. ரொட்டிக்கடை ரொலான் துபோஸ் பத்து பேர் வரிசையில் நிற்கும்போதே சொன்னார்: "எர்வே, சனிக்கிழமை உன் பையனுக்கு லேசா வயித்துப்போக்கு வந்தா நல்லாருக்கும். கெட்ட எண்ணம் இல்லப்பா, லேசாத்தான் சொல்றேன்."

"அதுக்கென்ன, உன் ரொட்டில ரெண்டு அனுப்பி வைக்கிறேன்" என்றேன். அன்றிலிருந்து எனக்குக் கருகின ரொட்டிதான்.

அதுகூடப் பரவாயில்லை. வியாழக்கிழமை வால்மேர் கிளப்பின் தலைவர் ஃபூர்மோ ரோஜாப் பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார், பிறகு இரண்டு கோப்பை குடித்தார். "நம்ம கால்பந்துப் பள்ளில நூத்தி இருபது பசங்க இருக்காங்க எர்வே. மூணாம் பிரிவுக்குப் போனா பள்ளிய மூடறதத் தவிர வழியில்ல. நான் எதையும் கேக்கல. ஒரு அப்பா மகன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசறதுல என்ன தப்பு?"

ஜோசியான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "பதினேழு வயசுல அவன வெளிய அனுப்பினப்போ அவன் அப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்னு உங்களுக்குத் தோணலையே" என்றாள். பிறகு பூங்கொத்தை எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள். "வெயில்ல வாடிடும். சீக்கிரம் கெளம்புங்க."

அவள் அப்படி. ஆனால் நான் இருக்கிறேனே, அக்கா. முப்பத்தெட்டு வருடம் கால்வாய் மதகைத் திறந்து மூடியவன், யார் கெஞ்சியும் ஒரு நாளும் நேரம் தவறித் திறந்ததில்லை. மறுநாள் காலை ஜோசியான் சந்தைக்குப் போனதும் போனை எடுத்துவிட்டேன். நூற்று இருபது பிள்ளைகள் என்ற வார்த்தை காதைவிட்டுப் போகவில்லை. லுதோ எடுத்தான். என்ன பேசுவது என்று தெரியாமல், "அங்க வானிலை எப்படி?" என்று கேட்டேன்.

"அப்பா, வானிலை கேக்க நீ ஒரு நாளும் போன் பண்ணதில்ல. யாரு வந்தாங்க?"

"யாரும் வரலையே."

"சரி. வராதவங்ககிட்ட சொல்லு, நான் நல்லா தூங்குறேன்னு."

வைத்துவிட்டான். மூன்றாவது கடிதம், அதாவது மழைக் கடிதம், நான் எழுதியது அதற்குப் பிறகுதான்.

சனிக்கிழமை மழை இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஜோசியான் வரமாட்டேன் என்று ரேடியோவையும் அணைத்துவிட்டு சமையலறையில் உட்கார்ந்துகொண்டாள். மைதானம் இரண்டு தெரு தள்ளித்தான், கூச்சல் ஜன்னல் வழியே வரும். நான் என் வழக்கமான இருக்கையில் போய் உட்கார்ந்தேன். கழுத்தில் எந்த அணியின் துண்டும் இல்லை. பின்வரிசையில் துபோஸ். லுதோ முதல்தடவை பந்தைத் தொட்டதும் மைதானமே ஊளையிட்டது. "துரோகி!" என்று ஒருவன் கத்தினான். யார் யாரை வெளியே அனுப்பியது என்று எழுந்து கேட்க வாய்வரை வந்தது, உட்கார்ந்தே இருந்தேன். அவனோ காது கேட்காதவன் மாதிரி ஆடினான். முதல் பாதியில் வால்மேர்க்காரன் அடித்த இரண்டு பந்தை வயிற்றால் தடுத்தான், ஒன்றைக் கோட்டின் மேலிருந்து காலால் வெளியே தள்ளினான். பக்கத்திலிருந்த பல் வைத்தியர், "சனியன், நல்லா ஆடறானே" என்றார். நான் நன்றி சொல்லிவிட்டேன், வாய் தவறி.

எண்பத்தொன்பதாவது நிமிடம்வரை கோல் இல்லை. அப்போது போர்வில்லுக்கு ஒரு கார்னர். இனி இழக்க ஒன்றுமில்லை என்று கோல்கீப்பரைத் தவிர எல்லோரும் முன்னால் போனார்கள். லுதோவும் போனான். அவன் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்ததுமே நான் எழுந்து நின்றுவிட்டேன். பந்து உயரமாக வந்தது, நான்கு தலைகள் எழும்பின, ஒரு தலை மற்றதைவிட ஒரு விரற்கடை மேலே போனது. வலை அசைந்தது. பதினைந்தாயிரம் பேர் இருந்த இடத்தில் தூரத்து ரயில் சத்தம் கேட்டது, அக்கா. கோல் போட்டவன் கையைத் தூக்கவில்லை, குதிக்கவில்லை; தலையைக் குனிந்துகொண்டு தன் இடத்துக்குத் திரும்பி ஓடினான். எனக்குக் கண் மறைத்தது. பெருமையா, பயமா, நூற்று இருபது பிள்ளைகளா, தெரியவில்லை. துபோஸின் மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது.

கூடுதலாக நான்கு நிமிடம் கொடுத்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் வால்மேர்க்காரன் ஒருவன் இடப்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு ஓடி, தரையோடு தரையாகப் பந்தைக் கோலுக்குக் குறுக்கே அடித்தான். கோல்கீப்பரைத் தாண்டிவிட்டது. லுதோ எங்கிருந்தோ ஓடிவந்து, விழுந்து, காலை நீட்டினான். பந்து அவன் பூட்ஸ் முனையில் பட்டு உள்ளே போனது.

சொந்த வலைக்குள்.

ஒன்றுக்கு ஒன்று. வால்மேர் தப்பியது. போர்வில் இறங்கியது. இரண்டு கோலும் என் மகன் போட்டது. அடுத்த நிமிடம் நான் தரையில் இல்லை. துபோஸும் பல் வைத்தியரும் என்னைத் தோளில் தூக்கியிருந்தார்கள். "ரத்தம் பேசிடுச்சுடா! மண்ணு மறக்கல!" என்று துபோஸ் அழுதார். என் மகன் வேண்டுமென்றே செய்ததாக ஊர் முடிவு கட்டிவிட்டது. ஃபூர்மோ தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அந்த ஒரு சிமிட்டல் பதினாறு வருடத்து வசவு எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது. எதிர்ப்பக்கம் போர்வில் ஆட்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். தோளிலிருந்து இறங்க நான் துபோஸின் காதைத் திருக வேண்டியிருந்தது.

லுதோ அணியின் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தான். ஜோசியான் லீக்ஸ் தண்டு போட்ட சூப்பை எடுத்து வைத்தாள். அவன் குடித்தான். நான் எதிரே உட்கார்ந்து பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் போனும் அந்த வானிலையும் என் நெஞ்சில் கிடந்தனவே. என்னால்தானோ? "லுதோ, நீ அந்தக் கால நீட்டினது..." என்று ஆரம்பித்தேன்.

கரண்டியை வைத்தான். "நீயுமா கேக்குற?"

அக்கா, அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னான்: "எனக்குப் பின்னாடி அவங்க ஆளு ஒருத்தன் தனியா நின்னான்ப்பா. நான் சும்மா நின்னிருந்தா அவன் தட்டி உள்ள விட்டிருப்பான். கோல் எப்படியும் கோல்தான். ஆனா என் பேரு வந்திருக்காது. கால நீட்டினா பத்துல ஒரு தடவ வெளிய போகும். அந்த ஒண்ணுக்காகத்தான் நீட்டினேன். பதினாறு வருஷமா அதுக்குத்தான் நீட்டிட்டு இருக்கேன்."

ஜோசியான் அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சூப் ஊற்றினாள். நான் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் தக்காளிச் செடிகளைப் பார்த்தேன்.

நேற்றுக் காலை துபோஸ் பிளம்ஸ் வைத்த பெரிய இனிப்புப் பணியாரம் ஒன்றைப் பெட்டியில் கட்டி, மேலே 'ஊரின் பிள்ளைக்கு' என்று சர்க்கரைப் பாகில் எழுதி அனுப்பியிருந்தார். அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், தெருவரை வரிசை. பெட்டியை மேடையில் வைத்தேன்.

"எம் பையன் உங்களுக்காகப் போடல, ரொலான். உங்களத் தடுக்க ஓடினான். தடுக்க முடியல. இனிமே எவனாவது வேற மாதிரி சொன்னா, மதகுக் கதவு இழுத்த கை இது."

துபோஸ் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ அவன் நெசமாவே நம்மள எறக்கப் பாத்தானா?"

"உசுரக் குடுத்துப் பாத்தான்."

துபோஸ் பெட்டியை உள்ளே எடுத்துவைத்தார். பிறகு அலமாரியில் தேடி, நன்றாக வெந்த ரொட்டி ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

ஆக எல்லாம் முடிந்தது. லுதோ இனி விளையாடப்போவதில்லை என்று சனிக்கிழமை இரவே சொல்லிவிட்டான். முப்பத்து நான்கு வயது, முழங்காலும் போதும் என்கிறது. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. இன்று காலையே என் மைதான இருக்கையை முடிதிருத்தும் கிளோத்துக்குக் கொடுத்துவிட்டேன். உயிருள்ளவரை எந்தக் கால்பந்து மைதானத்திலும் இந்தக் கால் படாது. இனி நீங்களும் சகோதரிகளும் நிம்மதியாக அறுவடைக்கே பிரார்த்திக்கலாம். மடத்துத் தலைவி அம்மையாருக்கு எங்கள் வணக்கம். தங்கள் ஆசி எங்கள் மூவர் தலையிலும் இருக்கட்டும்.

தங்கள் அன்புத் தம்பி,
எர்வே

பி.கு.: உறையை ஒட்டும்போது லுதோ போன் செய்தான். சாமான்களை எடுக்கப் போர்வில் போயிருக்கிறான். கிளப் வாசலில் முந்நூறு பேர், மீன்பிடிப் படகுக்காரர்கள் பாதி. "அடிக்கத்தான் வந்திருக்காங்கன்னு நெனச்சேன்ப்பா. ஒரு கெழவர் முன்னாடி வந்து, 'கேப்டன், கீழ எறங்கினது நாம எல்லாரும்தான், மேல ஏறவும் நாம எல்லாரும் வேணும்'னாரு" என்றான். இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டானாம். புத்தியிருக்கிறதா என்று கத்தினேன். பிறகு ஆட்ட அட்டவணையைப் படிக்கச் சொன்னேன். மூன்றாம் பிரிவில் தங்கள் மடத்துக்கு அடுத்த ஊர் அணியும் இருக்கிறதாம். நவம்பர் 22, மதியம் இரண்டு மணி. எனக்கும் ஜோசியானுக்கும் இரண்டு கட்டில் போட்டு வையுங்கள். நான் கத்துவேன் என்று தலைவி அம்மையாரிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.