விஷவாயு குடிக்கும் செம்புக்கூம்பு

வைட்ஃபீல்டில் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியின் நிலத்தடி அறைக்கு அன்று லிஃப்ட் போதவில்லை. மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஐந்து மாடி ஆட்களும் இறங்கினார்கள். டாக்டர் சீனிவாசராகவன் வந்திருந்தார். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். பாறையிலிருந்து கசியும் ராடான் வாயு கீழே ஃபைல் அறையில் அளவுக்கு மேல் இருப்பதாக அரசு ஆய்வாளர் அளந்து எழுதியிருந்தார். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. வருஷக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரலில் புற்று வரும். காற்றை வெளியேற்ற விசிறி போடு, இல்லாவிட்டால் அறையை மூடு என்பது உத்தரவு. மேனேஜர் ஹரிஷ்குமார் டாக்டரைக் கூப்பிட்டார். குறையொன்றுமில்லை என்று ஊழியர்களிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டால் விசிறி எதற்கு?

டாக்டர் பிடித்த நூலில் தொங்கிய ஸ்படிகம் வெறும் மேஜையின் மேல் இடப்பக்கம் சுற்றியது: விஷம். விஷவாயுவைக் குடித்துவிடும் என்று அவர் கொண்டுவந்த செம்புக்கூம்பு வைத்த மேஜையில் வலப்பக்கம்: சுத்தம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கம்ப்யூட்டருக்கே புத்தி சொல்லும் கூட்டம்.

ஆறு வருஷமாக அங்கே ஃபைல் ஸ்கேன் செய்யும் தனக்கோடியும் கூம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மனசு லேசானது. ஏன் லேசானது என்று யோசித்தபோதுதான் உறைத்தது. இதை நம்பிவிட்டால் மேனேஜரிடம் விசிறி கேட்க வேண்டாம். அவளுடைய பயம் சுகமாகப் படுத்துக்கொள்ள ஓர் இடம் பார்த்துவிட்டது.

கையெழுத்துத் தாள் அவளிடம் வந்தது.

"சார், கொஞ்சம் திரும்பி நில்லுங்க," என்றாள். "மூணு அட்டைப்பெட்டி கவுத்து வைக்கிறேன். ஒண்ணுலதான் கூம்பு. எதுன்னு சொல்லுங்க."

"சந்தேகப்பட்டா சக்தி குறையும்மா."

"விஷம் குறையாதே, சார்."

யாரோ சிரித்தார்கள். டாக்டர் திரும்பித்தான் ஆகவேண்டியிருந்தது.

முதல் பெட்டி, விஷம் என்றார். இரண்டாவதில் ஸ்படிகம் வலப்பக்கம் சுற்றியது. தூக்கினால் தனக்கோடியின் எலுமிச்சம்பழச் சாதம். கூம்பின் அலை பக்கத்துப் பெட்டிக்குத் தாவிவிட்டது என்று மூன்றாவதற்குப் போனார். அங்கேயும் வலப்பக்கம். தூக்கினால், பயபக்தியோடு வாசலில் அவர் கழற்றிப்போட்ட செருப்பு. விஷம் என்று கைவிரித்த முதல் பெட்டிக்குள் கூம்பு பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

எல்லாம் ஒரு மனநிம்மதிக்காகத்தான் என்று ஹரிஷ்குமார் இழுத்தார்.

"நிம்மதியை மூச்சா இழுக்க முடியாது, சார்."

தனக்கோடி அந்தத் தாளைத் திருப்பி, விசிறி வரும்வரை கீழே இறங்கமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவள் பெயருக்குக் கீழே முப்பது பெயர்கள் வந்தன. அடுத்த மாதம் விசிறியும் வந்தது.

நம் மூச்சைக் காக்கச் சட்டம் இருக்கிறது, நல்ல எழுத்தில் அச்சடித்தே இருக்கிறது. அதைப் படிப்பதற்கும் நல்ல நேரம் பார்க்க வேண்டுமா, என்ன?