போச்சாவின் ஏரி

மின்சாரக் கம்பியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கிய ஒரே மனிதர் இந்தப் பூமியில் போச்சாதான் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்க நான் தயார். பெற்றவர்கள் வைத்த பெயர் உத்திரமேரூரில் யாருக்கும் தெரியாது. பல்பு ஒரு தரம் கண் சிமிட்டினால் போதும், கையிலிருப்பதைக் கீழே போட்டுவிட்டு "போச்சா?" என்று அலறுவார். அதுவே பெயராகிவிட்டது. தபால்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

எண்பதுகளின் பின்பாதி. நான் அங்கே விதைக் கிடங்கில் கிளார்க். பஜாரில் கயிறும் லாந்தரும் விற்ற பாய் கடையின் ஓரத்தில் ஒரு மேஜை போட்டு, போச்சா ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். பாயின் மகன் துபாயிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். சாப்பாட்டுத் தட்டளவுதான் இருக்கும். டி.வி.யில் மாட்டினால் வீடியோ கேம் ஆடலாம். எங்கள் தெருவில் டி.வி. வைத்திருந்த பாவி நான்.

"ரெண்டே நாளு சார். பாத்துட்டு குடுத்துடறேன்" என்று போச்சா அதைத் தூக்கிக்கொண்டு போனார்.

அது மாமனார் சீராகக் கொடுத்த டி.வி. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீஸ் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் கடைக்குள் எட்டிப் பார்த்து, புகை வருகிறதா என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் நடப்பேன்.

பெட்டியோடு கம்பெனிக்காரன் ஆட்டம் ஒன்றும் கேசட்டில் வந்திருந்தது. பாட்டு கேசட் மாதிரி டேப் ரிக்கார்டரில் ஓட்டினால் ஆட்டம் பெட்டிக்குள் ஏறிவிடும். ராக்கெட் ஆட்டம். சத்தமென்ன, வேகமென்ன! ஊர் இரண்டு நாள் வாயைப் பிளந்து பார்த்தது. மூன்றாம் நாள், "எவன் வூட்டு ராக்கெட்டோ, நமக்கு இன்னா?" என்று கலைந்துபோனது. போச்சா மட்டும் கலையவில்லை. பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு, வரிக்கு வரி என்னிடம் அர்த்தம் கேட்டுப் பிராணனை வாங்கி, நான்கு மாதத்தில் சொந்தமாக ஓர் ஆட்டமே எழுதிவிட்டார்.

திரையின் மேலே எங்கள் ஊர் ஏரி. அதன்கீழ் வரிசையாக நான்கு கழனி. ஏரியை ஒட்டியிருப்பது தலைமடை, கோடியில் கிடப்பது கடைமடை. மழை கொட்டிக்கொண்டே இருக்கும். கழனிக்கு ஒன்றாக நான்கு காலிங்பெல் சுவிட்சுகளை ஒரு சோப்பு டப்பாவில் பொருத்தியிருந்தார். அழுத்தினால் மடை திறக்கும், மறுபடி அழுத்தினால் மூடும். ஏரிக்கரை உடைவதற்குள் நான்கு கழனியும் நிரம்பினால் திரையில் ஒரு நெற்கதிர் வரும். வரும் என்று போச்சா சொன்னார். யாரும் பார்த்ததில்லை.

இதற்குத் திரண்டது பாருங்கள் கூட்டம்! ராக்கெட் செய்தவன் எந்த நாட்டில் இருக்கிறானோ, அவனிடம் போய்க் குறை சொல்ல முடியுமா? இவரை எதிரிலேயே நிறுத்தித் திட்டலாம். "கரைல நண்டு வளை போடுமே, அது எங்கப்பா?" என்று ஒருவர் கேட்டார். மறுநாளே நண்டு வந்துவிட்டது. நண்டு வந்த கையோடு மூன்றாவது கழனித் தண்ணீர் மேட்டில் ஏற ஆரம்பித்தது. அதைச் சரிசெய்தார், மழை நின்றுபோயிற்று. ஒற்றை ஆள் செய்த வேலை. ஒரு பக்கம் ஒட்டுப் போட்டால் மறுபக்கம் கிழிந்தது.

அதைவிடப் பெரிய கண்டம் கரண்ட். கம்பெனி கேசட்டை மரியாதையாக ஓட்டிய டேப் ரிக்கார்டர், போச்சா தன் ஆட்டத்தைப் பதிந்த கேசட்டை மட்டும் மென்று இடியாப்பமாகத் துப்பியது. அதோடு அவருக்கு அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது. கரண்ட் போனால் பெட்டிக்குள் இருக்கும் ஆட்டம் மொத்தமும் அழிந்துவிடும். நாற்பது பக்க நோட்டைப் பார்த்து முதலிலிருந்து தட்டவேண்டும், அரை நாள் வேலை. தினமும் மத்தியானம் மோட்டார்களுக்கு மூணு பேஸ் கரண்ட் விடுவார்கள். ஊரிலுள்ள பம்புசெட் எல்லாம் ஒன்றாக ஓடும். பஜாரில் வோல்டேஜ் படுத்துவிடும். டி.வி. படம் நான்கு பக்கமும் சுருங்கும், பெட்டி செத்துப்போகும். போச்சா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்.

இந்த லட்சணத்தில் பாய் ஒரு குண்டைப் போட்டார். வெள்ளிக்கிழமை மருமகள் வீட்டார் வேனில் வருகிறார்களாம், பிள்ளைகளுக்குப் பெட்டியைக் கொண்டுபோக.

"பாய், கதிர இன்னும் யாருமே பாக்கலியே!"

"கதிரு கீதுன்னு நீதான் சொல்லிக்கினு கீற. எவனாச்சும் ஒருத்தன் ஜெயிச்சுக் காட்டட்டும், பொட்டி இங்கியே கெடக்கட்டும். இல்லாட்டி வேன்ல ஏத்திடுவேன்."

போச்சாவே ஆடினால் ஒரு கண் திரையில் இருக்கும், ஒரு கண் பல்பில் இருக்கும். கரை உடைந்துவிடும். நான் ஆடினால் பயத்தில் நான்கு மடையையும் மாற்றி மாற்றித் திறந்து மூடி, நண்டுக்கு முன்னால் நானே கரையை உடைத்துவிடுவேன். ஊர்க்காரர்கள் கதை வேறு. உட்கார்ந்தவர் ஒவ்வொருவரும் தலைமடையைத்தான் முதலில் திறந்தார்கள். திறந்ததை மூட ஒருவருக்கும் மனம் வரவில்லை. நிஜ ஏரியில் தலைமடைக் கழனி வைத்திருந்த கோதண்டம், கழனி நிரம்பி வழிந்த பிறகும் அசையவில்லை.

"மூடு மாமா, மூடு!" என்று போச்சா துடித்தார்.

"இருடா, இன்னும் கொஞ்சம் ஊறட்டும்."

கரை உடைந்தது. "இன்னா பேஜாரு ஆட்டம்பா இது! கடைமடைக்குத் தண்ணியே போவ மாட்டேங்குது" என்று எழுந்தார் கோதண்டம்.

வெள்ளிக்கிழமை வந்தது. பாய் தொழுகை முடித்துவிட்டு வந்து நின்றார். வாசலில் வேன். போச்சா இரண்டு நாளாகச் சாப்பிடாமல் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருந்த முனியம்மா அந்த நேரம் பார்த்து ரிப்பேருக்குக் கொடுத்த ரேடியோவைக் கேட்டு வந்தார்.

"இது இன்னாபா, நம்ப ஏரியா? என் கழனி எது?"

"கடைசில கீதே, அதாங்கா. நீதான் ஒரு தபா ஆடிப் பாரேன்" என்றார் போச்சா. அழுதுவிடுவார் போலிருந்தது.

முனியம்மா உட்கார்ந்தார். முதல் மூன்று மடையையும் தொடவேயில்லை. கடைமடையைத் திறந்தார்.

"இன்னாமே, தலைமடைக்கு ஒரு சொட்டு வுடலியே!" என்று பதறினார் கோதண்டம்.

"ஒங் கழனி எங்க ஓடிடப்போவுது? ஏரிகிட்டயே கீது. அப்பறம் பாத்துக்கலாம், கம்முனு இரு."

கடைமடை நிரம்பியது. மூடினார். மூன்றாவது நிரம்பியது. மூடினார். அப்போது சைக்கிளில் ஒருத்தன், "மூணு பேஸ் வந்துட்சி!" என்று கத்திக்கொண்டே போனான். அன்றைக்கென்று ஒரு மணி நேரம் முன்னதாக!

கடையில் நின்ற அத்தனை பேரும் மோட்டார்காரர்கள். கோதண்டத்தின் கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. வேட்டியை மடித்துக்கட்டி வாசல்வரை ஓடியவர், திரும்பித் திரையைப் பார்த்தார்.

"எவனும் போவாதீங்கடா. கதிரு வந்தப்பறம் மோட்டார் போட்டுக்கலாம்."

ஒருவரும் நகரவில்லை. ஆனால் ஊரில் மற்றவர்கள் இருக்கிறார்களே! படம் மெல்லச் சுருங்க ஆரம்பித்தது. இரண்டாவது கழனி நிரம்பியது. ஏரி கரையைத் தொட்டது. முனியம்மா தலைமடையைத் திறந்தார். படம் அஞ்சல் அட்டை அளவுக்கு வந்துவிட்டது. போச்சா என் கையைப் பிடித்து நசுக்கினார். முதல் தடவையாக அவர் பல்பைப் பார்க்கவில்லை.

வந்தது கதிர். ஏழெட்டுப் புள்ளி, ஒரு கோடு.

"இன்னாபா இது, தொடப்பம் மாதிரி கீது?" என்றார் முனியம்மா.

கூட்டம் கூரை அதிரச் சிரித்தது. படக்கென்று எல்லாம் இருண்டது.

"போச்சா?" என்று அலறியது நான்தான்.

"போவட்டும் சார்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வந்துட்ச்சில்ல!"

பாய் வெளியே போய், வேனில் வந்தவர்களுக்கு டீ சொல்லி, பெட்டிக்குப் பதில் ஒரு லாந்தரைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்.

டி.வி. எப்போது வீட்டுக்கு வரும் என்று அன்று சாயங்காலம் மனைவி கேட்டாள். வோல்டேஜ் சரியில்லை, சரியானதும் கொண்டுவருகிறேன் என்றேன். நான் மாற்றலாகிப் போகும்வரை, இரண்டு வருஷம், உத்திரமேரூரில் வோல்டேஜ் சரியாகவே இல்லை.